சர்க்கரை ஏறினால் மனத்தையும் கவனியுங்கள்

2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. சிங்கப்பூர் எல்லையும் மூடப்பட்டது. ஜொகூர் மாநிலத்தில் செடெனாக், குலாய் வட்டாரங்களில் வாழ்பவர்களுக்கு இதன் பொருள் நன்றாகவே தெரியும். எல்லைக்கு அப்பால் வேலை பார்த்த பிள்ளைகள் அங்கேயே தங்கினால், பெற்றோர் இங்கே தனித்துப்போனார்கள்.

நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இன்னொரு சுமையும் சேர்ந்தது. சுகாதார அமைச்சு அறிவித்த கோவிட்-19 மரணங்களில் இறந்தவரின் வயதோடு அவருக்கிருந்த நோய்களும் சொல்லப்பட்டன. 'நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம்' என்று மாலைச் செய்தியில் கேட்கும்போதெல்லாம், அதே நோய்கள் உள்ள ஒருவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைக்கமாட்டாரா?

அப்படி நினைத்தவர்கள் குறைவாக இருக்க முடியாது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இந்த விகிதம் இன்னும் அதிகமாக இருந்தது.

பயம் எப்படிச் சர்க்கரையாகிறது?

பயமும் கவலையும் நீடித்தால் உடல் அட்ரினலின், கார்ட்டிசோல் ஆகிய இயக்குநீர்களைச் சுரக்கிறது. இவை கல்லீரலில் உள்ள சர்க்கரையை இரத்தத்தில் கலக்கச் செய்கின்றன. இன்சுலினின் வேலையையும் தடுக்கின்றன. எனவே உணவில் எதுவும் மாறாமலே அளவு ஏறக்கூடும். ஏறிய எண்ணைப் பார்த்தவர் தன்னையே நொந்துகொள்கிறார். நாளடைவில் சோதிப்பதை நிறுத்துகிறார், மருந்தும் தவறுகிறது, சர்க்கரை மேலும் ஏறுகிறது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இது மன உறுதி இல்லாததால் வருவதல்ல.

எப்படிக் கண்டுகொள்வது?

களைப்பு, தூக்கக் குறைவு, பசி மாற்றம் ஆகியவை நீரிழிவிலும் உண்டு, மனச்சோர்விலும் உண்டு. அதனால்தான் 'எல்லாம் சர்க்கரையால்தான்' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மருத்துவர்கள் பயன்படுத்தும் இரண்டு கேள்விகளை நீங்களே கேட்டுப் பாருங்கள். கடந்த இரண்டு வாரங்களில் வழக்கமாகப் பிடித்த காரியங்களில் நாட்டம் குறைந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? பாதி நாளுக்கு மேல் அப்படி இருந்தால், அடுத்த முறை கிளினிக்கில் மருந்து வாங்கும்போது அதையும் சொல்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. திடீரென்று வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் பதற்றம் என்று முடிவு செய்யாதீர்கள். சர்க்கரை மிகவும் குறைந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும். முதலில் சோதியுங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால், உடனே இனிப்புப் பானம் அருந்துங்கள்.

வீட்டார் என்ன செய்யலாம்?

"ஏம்பா மறுபடியும் இனிப்பு சாப்பிட்டீங்க?" என்ற கேள்வி வாயை அடைக்கும். "இந்த வாரம் எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டால் பேச்சு வளரும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் தொலைபேசியிலும் கேட்கலாம்.

வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

நோய்த்தொற்று அடங்கினாலும் நாட்பட்ட நோய் வீட்டிலேயே இருக்கிறது. சர்க்கரைக் குறிப்பேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில், அன்று மனம் எப்படி இருந்தது என்று ஒரு சொல் எழுதி வையுங்கள். அது மருத்துவருக்கும் உதவும், உங்களுக்கும் உதவும்.