துப்பாக்கிக்கேற்ற தோட்டா

1859-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் வேட்டைக்கென விடப்பட்ட முயல்கள் பெருகிப் பயிர்களை அழிக்கலாயின. அவற்றைச் சுட அந்நாட்டு உழவர்கள் பெரிதும் கையாள்வது .22 ‘ரிம்ஃபயர்’ தோட்டா. கூட்டின் அடிவிளிம்பில் பற்றுமருந்து அமைந்திருப்பதால் இப்பெயர் பெற்றது.

இதில் வேகம் மிக்கதே சிறந்ததென எண்ணுதல் பிழை. நொடிக்கு 380 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு, 100 மீட்டர் செல்லுமுன் ஒலியின் வேகத்திற்குக் கீழே இறங்கித் தடுமாறும். காற்றும் அதனை மிகுதியாக ஒதுக்கும். 320 மீட்டர் வேகமுள்ளது விரைவில் தாழ்ந்தாலும் நிலையாகச் செல்லும், ஓசையும் குறைவு.

ஆயினும் முடிவு கூற வல்லது அவரவர் துப்பாக்கிக் குழலே. ஒரே நிறுவனம் செய்த இரு துப்பாக்கிகளுக்கும் ஒரே தோட்டா பொருந்தாமற் போவதுண்டு. ஆகவே மூன்று நான்கு வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, மணல்மூட்டைமேல் துப்பாக்கியைத் தாங்கி, 50 மீட்டரில் ஐந்தைந்தாகப் பன்முறை சுட்டுப் பார்க்க வேண்டும். எவ்வகையின் துளைகள் நெருங்கி விழுகின்றனவோ அதையே, பெட்டியின் தொகுதி எண்ணையும் பார்த்து வாங்குதல் நன்று. ஒரே சாயத்தில் தோய்த்த நூலைத் தேடுவது போன்றதே இது.

குறி ஓரங்குலம் தவறினும் முயல் உடனே சாகாமல், புண்பட்டு வளைக்குள் ஓடித் துன்புற்று மடியக்கூடும். சோதனைக்குச் செலவாகும் தோட்டாக்கள் அதனினும் பெரியனவல்ல.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி காட்டுமுயல் வேட்டை குற்றமென்பதை அன்பர்கள் மறவற்க.