கோடைக் கடலும் பழவேற்காட்டு முகத்துவாரமும்

திருப்பதி மாவட்டத்திற்குக் கடற்கரை உண்டு என்று சொன்னால், வேங்கடவனை வழிபட வருவோர் பலர் வியப்படைவர். ஆயினும் அது உண்மையே. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள், சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் நெல்லூர் மாவட்டத்தின் தென்பகுதியும் இணைந்து திருப்பதி மாவட்டம் உருவாயிற்று. அப்போது சூலூர்ப்பேட்டையும், வாகாடும், ஸ்ரீஹரிக்கோட்டாவும், பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதியும் அம்மாவட்டத்தின் எல்லைக்குள் வந்தன. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் திருமலையும், கடல் மட்டத்திலேயே கிடக்கும் துப்பிலிப்பாளையம் மணற்கரையும் இன்று ஒரே மாவட்டம். ஆட்சி வரைபடம் இவ்விரண்டையும் இணைப்பதற்கு நெடுங்காலம் முன்னரே பொன்முகலியாறு இணைத்துவிட்டது. சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் தோன்றி, காளத்தியின் அருகாக ஓடி, வங்கக் கடலில் கலக்கும் அந்த ஆறு கோடையில் வெறும் மணலாகக் காட்சியளிக்கும். அவ்வாறு ஆறுகள் வற்றுவதும் படகோட்டிக்கு ஒரு செய்திதான் என்பதைப் பின்னர் காண்போம்.

பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும், மலையடிவார ஊர்களின் வெம்மை தாங்காது குடும்பம் குடும்பமாக மக்கள் இக்கரைக்கு வருகின்றனர். திருப்பதியிலிருந்து காளத்தி, நாயுடுப்பேட்டை வழியாகச் சூலூர்ப்பேட்டை நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். கரைக்கு வந்தவர்களுக்குப் படகில் ஏற வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. அத்தகையோருக்கும், அவர்களை ஏற்றிச் செல்வோருக்கும், சிறு படகில் மீன் பிடிப்போருக்கும் கோடைக் கடலின் போக்கைக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், பழவேற்காட்டில் உல்லாசமாகச் சென்ற ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். உயிர்காப்பு மேலங்கி அவர்களிடம் இல்லை. அது கோடையில் நிகழ்ந்ததன்று. எனினும் நீரைப் பற்றி நாம் கொள்ளும் அலட்சியம் பருவத்திற்குப் பருவம் மாறுவதில்லை.

முதலில் இடத்தின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பழவேற்காட்டு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்ட மணல்திட்டாக ஸ்ரீஹரிக்கோட்டா படுத்துக் கிடக்கிறது. தெற்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள், பழவேற்காட்டு ஊரின் அருகே இருக்கும் முகத்துவாரமே ஏரி மூச்சு விடும் முதன்மையான வாய். வடக்கே இராயதொருவிலும் துப்பிலிப்பாளையத்திலும் வேறு வாய்கள் உண்டு. அவை தூர்ந்து கிடக்கும் காலமே மிகுதி. கடற்பக்கத்திலும் நீருக்கடியில் மணல்மேடுகள் உள்ளன. துர்க்கராயப்பட்டினத்திற்கு எதிரே உள்ள மேட்டை மாலுமிகள் ஆர்மகான் மேடு என்பர். ஆங்கிலக் கம்பெனியார் 1626-ஆம் ஆண்டில் அங்கே ஒரு பண்டகசாலை அமைத்தனர். அங்கு வணிகம் செழிக்காமற் போகவே, அங்கிருந்த பிரான்சிஸ் டே தெற்கே வந்து தேடிய இடமே பின்னர் சென்னப்பட்டினமாயிற்று. ஆர்மகான் வென்றிருந்தால் சென்னை என்ற நகரமே எழாது போயிருக்கலாம். அது நிற்க.

கடல் நீர் உயர்வதை ஏற்றம் என்றும், தாழ்வதை வற்றம் என்றும், இரண்டையும் சேர்த்து ஓதம் என்றும் வழங்குகிறோம். நம் கரையில் நாளொன்றுக்கு இரு ஏற்றங்களும் இரு வற்றங்களும் நிகழ்கின்றன. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்லும். ஆகவே இன்று கண்ட நேரத்தினின்று நாளைக்கு ஐம்பது நிமிடம் பிந்தும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும், அவற்றை அடுத்த ஓரிரு நாள்களிலும் ஓதம் பெரிது; அட்டமியை ஒட்டிச் சிறிது.

குஜராத்திலே பவநகர்க் கரையில் ஓதம் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். சென்னை, பழவேற்காட்டுக் கரையிலோ உவா நாளிலும் அது ஒரு மீட்டர் அளவினதே. "இவ்வளவு சிறிய ஓதத்திற்கு அஞ்ச வேண்டுமா?" என்று கேட்போர் உளர். திறந்த கடலில் அஞ்ச வேண்டியதில்லை; முகத்துவாரத்தில் அஞ்சத்தான் வேண்டும். பல நூறு சதுர கிலோமீட்டர் பரந்த ஏரி, சராசரி ஒரு மீட்டர் ஆழமே உடையது. அதில் ஓதத்தால் சேரும் நீர் முழுவதும் குறுகிய ஒரு வாய் வழியாகவே உள்ளே வரவும் வெளியே போகவும் வேண்டும். குடத்தின் கழுத்தில் நீர் விரைவதைப் போன்றது இது. உயரம் சிறிதாயினும் ஓட்டம் வலிது.

இங்கே கோடை தன் பங்கைச் சேர்க்கிறது. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் ஏரிக்குள் கொண்டுவரும் வெள்ளம் மணலைக் கடலுக்குத் தள்ளி வாயைத் திறந்து வைக்கும். கோடையில் அந்த வெள்ளம் இல்லை. தெற்கிலிருந்து கரையோரமாக வரும் அலைகள் மணலை வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. இவ்வாறு நகரும் மணலைச் சென்னைத் துறைமுகத்தின் சுவர் தடுத்ததனாலேதான் மெரினா அகன்றது. அதற்கு வடக்கேயுள்ள கரை அரிப்புண்டது. அந்த மணலே முகத்துவாரத்தின் குறுக்கே திட்டாகப் படிகிறது. மேலும், மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம் கரையின் சராசரிக் கடல்மட்டமே தாழ்ந்திருக்கும். நவம்பரிலோ மிக உயர்ந்திருக்கும். ஆக, மணல் உயர்ந்து நீர் தாழ்ந்த காலம் கோடை. சில ஆண்டுகளில் வாய் முற்றிலும் அடைபட்டு, படகுகள் ஏரிக்குள்ளேயே சிறைப்பட்டுவிடுவதும் உண்டு.

இனிக் காற்றைப் பார்ப்போம். விடியற்காலையில் தரையினின்று கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். கரையருகே நீர் கண்ணாடி போல் கிடக்கும். புதியவர் அதைக் கண்டு, "கடல் இன்று சாது" என்று எண்ணிவிடுவர். ஏறுவெயிலில் நிலம் சூடேறச் சூடேற, அதன் மேலுள்ள காற்று இலேசாகி மேலெழும். அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று உட்புகும். ஏப்ரல், மே மாதங்களில் அது நண்பகலை ஒட்டித் தென்கிழக்கிலிருந்து தொடங்கிப் பிற்பகல் இரண்டு மூன்று மணியளவில் வலுப்பெறும். ஜூனில் மேல்காற்று ஓங்கும்போது கடற்காற்று காலந்தாழ்த்தே வரும். சில நாள்களில் வராமலும் போகும். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைச் சென்னைக் கரை மீனவர் தெண்டி என்பர். வடக்கிலிருந்து வருவதை வன்னி என்பர். கோடை, தெண்டியின் காலம். இயந்திரம் நின்ற படகு கோடையில் வடக்கு நோக்கியே இழுக்கப்படும் என்பதைத் தேடச் செல்வோர் நினைவில் கொள்ள வேண்டும்.

ஓதத்தையும் காற்றையும் இப்போது ஒரே நாளில் சேர்த்துப் பார்ப்போம். ஓர் அமாவாசை நாளில் காலை 8 மணிக்கு உச்ச ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் முகத்துவாரத்தில் நீர் நிறைவு, காற்று இல்லை. படகு எளிதாக வெளியே சென்றுவிடும். நீர் முழுதும் வற்றும் நேரம் பிற்பகல் 2 மணிக்குச் சற்றுப் பின். வற்றத்தின் நடுப்பகுதியிலே, அதாவது முற்பகல் 10 மணி முதல் 12 மணி வரையில், கடல்மட்டம் மிக விரைவாகத் தாழ்கிறது. ஏரியின் மட்டமோ கடலின் மட்டத்திற்குப் பிந்தியே இறங்கும். அதனால் வாயில் வெளியோட்டம் அட்டவணை கூறும் வற்ற நேரம் கடந்தும் நீடிக்கும். உல்லாசமாகச் சென்றோர் பசியெடுத்துத் திரும்பும் வேளை ஒரு மணி, இரண்டு மணி. அவ்வேளையில் நீர் வெளியே ஓடுகிறது. கடற்காற்றும் அலையும் உள்ளே வருகின்றன. மணல்திட்டின் மேல் நீர் மிகக் குறைவு.

எதிரோட்டத்தைச் சந்தித்த அலை நீளத்தில் குறுகி உயரத்தில் நிமிரும். அலையின் உயரம் நீரின் ஆழத்தில் முக்கால் பங்கை நெருங்கும்போது அது உடைந்து விழும். வெளிக்கடலில் படகைத் தாலாட்டிய அதே அலை, திட்டின் மேல் வெண்ணிறச் சுவராக எழுவதன் காரணம் இதுவே. பின்னாலிருந்து வரும் அலை படகின் பின்புறத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால், அடுத்த அலை அதைக் கவிழ்க்கும். ஆகவே காலையில் புறப்படும்போது, "போக முடியுமா?" என்று கேட்பதைவிட, "எத்தனை மணிக்கு எந்த நீரில் திரும்புவேன்?" என்று கேட்பதே பொருத்தம். மேற்கூறிய நாளில் ஒன்பது, ஒன்பதரைக்குள் திரும்பிவிட வேண்டும். தவறினால் வாய்க்கு வெளியே, அலை உடையாத ஆழத்தில் காத்திருந்து, மாலையில் ஏற்றம் நன்கு உள்வாங்கத் தொடங்கிய பின் நுழைய வேண்டும். காத்திருப்பது அலுப்பூட்டும், குழந்தைகள் அழும். ஆயினும் திட்டின் மேல் அவசரப்படுவதைவிட அது மேல்.

காத்திருப்பவர் ஒரு கண்ணை மேற்கே வைத்திருத்தல் வேண்டும். இங்கேதான் திருமலை நம் பேச்சுக்குள் மீண்டும் வருகிறது. மே மாதப் பிற்பகலில் சேஷாசல மலைத்தொடரின் மேலும் சித்தூர்க் குன்றுகளின் மேலும் வெப்பத்தால் முகில்கள் கோபுரம் போல் எழுகின்றன. ஜூன், ஜூலையில் இது இன்னும் மிகுதி. உயரத்தில் வீசும் மேல்காற்று அவற்றைக் கிழக்கே செலுத்துகிறது. மலையில் மாலை நான்கு மணிக்கு இடித்த முகில், மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், ஏழு மணியளவில் ஏரியின் மேல் வந்து நிற்கும். அதன் முன்னணியில் குளிர்ந்த காற்று திடீரென்று தரையில் மோதிப் பரவும். அதுவரை தென்கிழக்கிலிருந்து வந்த காற்று ஒரு கணம் ஓய்ந்து, உடனே மேற்கிலிருந்து பேய்க்காற்றாகப் பாயும்; கரையை நெருங்கிய படகையும் கடலுக்குள் தள்ளிவிடும். மேற்கு வானம் கருத்து, அடியில் மின்னல் தெரிந்து, காற்று சட்டென்று நின்றால், பாய் இருப்பின் இறக்கிவிட வேண்டியதுதான். இம்முகில்களைக் கண்காணிக்கச் சென்னையில் 2002-ஆம் ஆண்டிலும், பின்னர் ஸ்ரீஹரிக்கோட்டாவிலும் டாப்ளர் ராடார்கள் நிறுவப்பட்டன. திருமலையில் இடி கேட்கும் ஒருவர் கரையிலுள்ள உறவினருக்குத் தொலைபேசியில் ஒரு சொல் சொன்னாலும் நன்மைதான்.

ஏரிக்குள்ளேயே உலவுவோர்க்குக் கடலலை இல்லை. அவர்களுக்குத் தொல்லை வேறு. ஆழமற்ற நீரில் காற்று எழுப்பும் அலை சிறிதாயினும் நெருக்கமானது. தாழ்ந்த படகில் நீர் தெறித்து நிறையும். கோடையில் ஏரியின் வடபகுதி வற்றிச் சேறாகிவிடும். தரைதட்டிய படகைத் தள்ளுவதற்கென்று எல்லாரும் ஒரே பக்கமாக இறங்குவது பலர் செய்யும் பிழை.

காற்றே இல்லாத நாளிலும் நெடிய அலைகள் வருவதுண்டு. தென்னிந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த புயலின் அலைகள் பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து நம் கரையை அடைகின்றன. கேரளத்தார் இதனைக் கள்ளக்கடல் என்று பொருத்தமாகப் பெயரிட்டனர். 2024-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் பயிற்சி மருத்துவர் ஐவர் அலையில் மாண்டது, எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாள்களிலேதான். ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இத்தகைய அலைகளை முன்கூட்டியே கணித்து அறிவிக்கிறது. ஓத நேரங்களையும் தருகிறது.

புயல் ஐப்பசி கார்த்திகைக்கே உரியது என்ற எண்ணமும் தவறு. 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் லைலா புயல் நம் கரையை ஒட்டி வடக்கே சென்று, 20-ஆம் நாள் பாபட்லாவுக்கு அருகே தரையேறியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லலாகாது என்ற தடை, மீன்வளத்தைக் காப்பதற்காக ஏற்பட்டது. ஆனால் அந்நாள்களில் கடலில் பெரிய படகுகள் குறைவு. இடருற்ற சிறு படகைக் கண்டு உதவ ஆள் அரிது. இயந்திரமில்லாப் படகில் செல்லும் மீனவர் இதனைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஸ்ரீஹரிக்கோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடற்பகுதி மூடப்படும் என்பதையும் முன்னரே கேட்டறிய வேண்டும்.

சென்னை, எண்ணூர், கிருஷ்ணப்பட்டினம் துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் குறிகள் பதினொன்று. பகலில் கூம்பும் உருளையும், இரவில் விளக்குகளும் அவற்றைக் காட்டும். முதல் இரண்டும் தொலைவிலுள்ள காற்றழுத்தத்தைப் பற்றியவை. மூன்றாம் எண், துறைமுகத்திலேயே கடுங்காற்று வீசக்கூடும் என்று அறிவிப்பது. பெரிய கப்பலுக்கு அது வெறும் முன்னறிவிப்பு. நாட்டுப் படகுக்கோ முதல் எண் ஏறியதுமே, வலையைச் சுருட்டி, படகை மணல்மேட்டுக்கு மேல் இழுத்துக் கட்டும் வேளை வந்துவிட்டது.