மின்சாரம் பாயாத வேலி

உங்கள் ஊர்த் துணை மின் நிலையத்தைத் தள்ளி நின்று பார்த்திருக்கிறீர்களா? தரையெங்கும் ஜல்லி கொட்டியிருக்கும். அழகுக்காக இல்லை. ஜல்லியில் மின்சாரம் எளிதில் பாயாது. உள்ளே நடமாடும் ஊழியரின் காலுக்கு அது காப்பு.

கைக்கு? கை போய்ப் படும் இடம் வேலி. பெரும்பாலும் அது இரும்பு.

உள்ளே ஒரு கருவி பழுதாகிறது என்று வைத்துக்கொள்வோம். பெருமளவு மின்சாரம் மண்ணுக்குள் இறங்கும். கண் இமைக்கும் நேரத்துக்கு அந்த இடத்து மண்ணின் மின்னழுத்தமே எகிறிவிடும். தள்ளிப் போகப் போக அது குறையும். ஆனால் இரும்பு வேலி நீண்டு கிடந்தால், இந்தக் கோடியில் ஏறிய அழுத்தத்தை அந்தக் கோடிக்குச் சுமந்துபோய்விடும். அங்கே வேலியைப் பிடித்து நிற்பவரின் கை ஓர் அழுத்தத்தில், கால் வேறோர் அழுத்தத்தில். உடம்பு வழியாக மின்சாரம் பாய அந்த வேறுபாடு போதும்! அதனால்தான் இரும்பு வேலிக்கு எர்த் கம்பி கட்டுகிறார்கள்.

வேலியையே மின்சாரம் கடத்தாத பொருளில் செய்தால்? அதற்குத்தான் கண்ணாடி இழை. முடியைவிட மெல்லிய கண்ணாடி நூல்களைக் கற்றை கற்றையாகப் பிசினில் முக்கி, சூடான அச்சின் வழியே இழுப்பார்கள். இடியாப்ப உரலில் மாவைப் பின்னாலிருந்து அழுத்துகிறோம். இங்கே முன்னாலிருந்து இழுக்கிறார்கள். சூட்டில் பிசின் இறுகி, உறுதியான சட்டம் வெளியே வரும். வலு தருவது கண்ணாடி, அதைச் சேர்த்துப் பிடிப்பது பிசின். இரண்டுமே மின்சாரத்தைக் கடத்தாதவை. அதே பருமனுள்ள இரும்போடு ஒப்பிட்டால் எடை ஏறக்குறைய கால் பங்குதான். துருவும் பிடிக்காது.

இந்த வேலி துணை மின் நிலையத்துக்கு மட்டும் உரியதல்ல. தென் இங்கிலாந்தில் பல ரயில்களுக்குத் தலைக்கு மேல் கம்பி கிடையாது. பாதையோரம் தரையை ஒட்டி ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் இருக்கும். அதன் அருகே நீளமான இரும்புச் சட்டத்தைச் சுமந்து வேலி போடும் தொழிலாளியை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. சட்டம் கை நழுவி அதன்மேல் விழுந்தால் என்ன ஆகும்! கண்ணாடி இழைச் சட்டமாக இருந்தால் அந்தப் பயம் பெரிதும் குறையும். பிரிட்டனில் ரயில் பாதையோரத்திலும் துணை மின் நிலையங்களிலும் இந்த வேலியைப் போடுகிறார்கள்.

இதற்கும் எதிரிகள் உண்டு. அழுக்குப் படிந்து மழையில் நனைந்தால், மேற்பரப்பில் கொஞ்சம் மின்சாரம் ஊரும். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பல ஆண்டுகளில் பிசினை அரிக்கும்; இழைகள் வெளியே தலைகாட்டும், தொட்டால் கை நமைக்கும். அதைத் தடுக்கும் மருந்தைப் பிசினோடு முன்பே கலந்துவிடுகிறார்கள்.