ஒரு தொட்டிச் சேற்றுக்கு எத்தனை பதம்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொன்னவர் ஹான்ஃபோர்டு பக்கம் போனதில்லை. போயிருந்தால் பழமொழியை வாபஸ் வாங்கியிருப்பார்.

ஹான்ஃபோர்டு இருப்பது அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில். (ஜனாதிபதி இருக்கும் வாஷிங்டன் வேறு.) 1943-ல் ராணுவம் அங்கே இருந்த விவசாயிகளைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு, கொலம்பியா ஆற்றங்கரையில் புளுட்டோனியம் தயாரிக்க ஆரம்பித்தது. நாகசாகியில் விழுந்த குண்டில் இருந்தது இந்த ஊர்ச் சரக்குதான். 1987 வரை கடை நடந்தது.

யுரேனியத்தை உலையில் வேகவைத்து, அமிலத்தில் கரைத்து, அதிலிருந்து புளுட்டோனியத்தைப் பிரிக்க வேண்டும். கிடைப்பது துளியூண்டு. பாத்திரம் கழுவின தண்ணீரோ குளம் குளமாக. அதைக் கொட்டி வைக்க பூமிக்கடியில் 177 தொட்டிகள். இந்தத் தொட்டிக் கூட்டங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'டேங்க் ஃபார்ம்'. பண்ணையாம்! விளைவது என்ன என்று கேட்காதீர்கள்.

முதலில் கட்டிய 149 தொட்டிகளுக்கு ஒற்றைச் சுவர்தான். யுத்த காலம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குத் தட்டுப்பாடு. சாதா இரும்பில் தொட்டி கட்டி, அமிலம் அதை அரிக்காமல் இருக்க காஸ்டிக் சோடாவைக் கொட்டினார்கள். கழிவு இரண்டு பங்காகப் பெருகியது, அடியில் சேறும் படிந்தது. தொட்டிக்கு ஆயுசு இருபது, இருபத்தைந்து வருஷம் என்று கணக்கு. அதில் சிலவற்றுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. மொத்தச் சரக்கு சுமார் 21 கோடி லிட்டர்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? அங்கேதான் சிக்கல். நான் பி.காம்., எனக்கு ஸ்டாக் ரெஜிஸ்டர் என்றால் பக்தி உண்டு. இங்கே ரெஜிஸ்டர் இருந்தும் பிரயோஜனம் கம்மி. புளுட்டோனியத்தைப் பிரிக்கும் முறையையே இரண்டு தடவை மாற்றினார்கள். இடம் போதாமல் ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றினார்கள், சுண்டக் காய்ச்சினார்கள், சீசியத்தை அடியில் படியவைக்க ஃபெர்ரோசயனைடு கலந்தார்கள். இப்போது மேலே தண்ணீர், நடுவே உப்புப் பாறை, அடியில் வேர்க்கடலை வெண்ணெய் பதத்தில் சேறு. இதில் எந்தச் சோற்றைப் பதம் பார்ப்பது?

எஸ்.ஒய்-101 என்று ஒரு தொட்டி சில மாசத்துக்கு ஒரு தடவை ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. ஏப்பத்தில் ஹைட்ரஜன்! ஒரு பொறி போதும். 1993-ல் உள்ளே ஒரு ராட்சத பம்ப்பை இறக்கிக் கலக்க ஆரம்பித்த பிறகுதான் அடங்கியது. ஃபெர்ரோசயனைடு சமாச்சாரத்தில் நேர் எதிர். வெடிக்குமோ என்று வருஷக்கணக்கில் பயந்தார்கள். சாம்பிள் எடுத்துப் பார்த்தால், அது இத்தனை வருஷத்தில் தானாகவே பெரும்பாலும் சிதைந்து போயிருந்தது. 1996-ல் அந்தக் கவலையின் ஃபைலை மூடினார்கள். பரிசோதனை பயத்தை மட்டும் தருவதில்லை, சமயத்தில் தூக்கத்தையும் தரும்.

ஆனால் சாம்பிள் எடுப்பது லேசில்லை. தொட்டியின் மேலே பல அடி மண். உள்ளே போக சில குழாய்கள்தான் வழி. அதன் வழியாக நீளக் கம்பியை இறக்கி, ஓர் அங்குலத் தடிமனுக்கு, ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதலான துண்டு துண்டாகச் சேற்றை உருவி எடுக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் தடிமனான கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்து, இயந்திரக் கைகளால் பிரித்துப் பார்க்க வேண்டும். 75 அடி அகலத் தொட்டியில், குழாய்க்கு நேர் கீழே இருப்பது தெரியும். பத்தடி தள்ளி?

காலி பண்ணின தொட்டியிலும் இந்த வம்பு தீருவதில்லை. பீய்ச்சி, உறிஞ்சி, சுரண்டி எடுத்தாலும் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் காந்தல் போகாது. பெரிய தொட்டியில் 360 கன அடிக்கு மேல் மிச்சம் இருக்கக்கூடாது என்பது அரசாங்கங்களுக்குள் ஒப்பந்தம். தரை முழுக்கப் பரப்பினால் ஓர் அங்குலம். சி-106 என்ற தொட்டியை 2003-ல் ஆக்ஸாலிக் அமிலம் ஊற்றி ஏறக்குறைய அந்த அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

என்னைக் கேட்டால் நிஜமான பரீட்சை அதற்கப்புறம்தான். மிச்சம் எவ்வளவு என்பதைவிட, அது தண்ணீரில் எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதே கேள்வி. இதில் இருக்கும் டெக்னீசியம்-99 பாதியாகக் குறையவே இரண்டு லட்சம் வருஷத்துக்கு மேல் ஆகும். அது நிலத்தடி நீரில் இறங்கினால் அடுத்த ஸ்டாப் கொலம்பியா ஆறு. அதனால் காந்தலைக் கொஞ்சம் எடுத்து, சாதா நீரிலும் சிமெண்ட் ஊறின நீரிலும் ஊறவைத்துப் பார்த்தார்கள். சிமெண்ட் நீர் எதற்கு என்றால், தொட்டியைச் சிமெண்ட் கலவையால் நிரப்பி மூடுவது ஒரு யோசனை. தென் கரோலினாவின் சவானா ரிவரில் 1997-லேயே இரண்டு தொட்டிகளை அப்படி மூடிவிட்டார்கள். ஹான்ஃபோர்டு காந்தலில், டெக்னீசியத்தில் ஒரு பகுதி இரும்புத் துருவுக்குள் மாட்டிக்கொண்டு சுலபத்தில் வெளியே வரவில்லை. நல்ல சேதிதான். ஆனால் ஒரு தொட்டிக்குச் சொன்னது பக்கத்துத் தொட்டிக்குப் பொருந்தாது. சிமெண்ட் இறுகிவிட்டால் மறுபடி சாம்பிள் எடுப்பதும் நடக்காத காரியம்.

அதற்காக ஆற அமர யோசிக்கவும் வழியில்லை. யுத்த காலத்தில் கட்டிய பி-109 ஒழுகுகிறது என்று 2021-ல் அறிவித்தார்கள். நாளைக்கு மூன்றரை காலன், ஏறக்குறைய ஒரு வாளி.