அக்குளில் முட்டும் தையல்கள்

கடையில் டி-சர்ட் வாங்குகிறவர் துணியை விரலால் தேய்த்துப் பார்ப்பார், இழுத்துப் பார்ப்பார். உள்ளே புரட்டிப் பார்ப்பவர் அரிது. உடம்பில் படப்போவது என்னவோ அந்தப் பக்கம்தான்.

அக்குள் பகுதியைப் புரட்டினால் விஷயம் தெரிந்துவிடும். உடம்பின் பக்கத் தையலும் கையின் அடித்தையலும் ஓடிவந்து, கையை இணைக்கும் தையலில் முட்டுகின்றன. எல்லாமே பெரும்பாலும் ஓவர்லாக். அந்த மெஷின் துணியின் விளிம்பைக் கத்தியால் நறுக்கிக்கொண்டே நூலால் சுற்றிக் கட்டும். பின்னல் துணி இழுபட்டால் தையலும் கூடவே நீளும். சாதாரண நேர்த்தையல் போட்டால் தலையை நுழைக்கும்போதே நூல் அறுந்துவிடும். ஆகவே ஓவர்லாக்கைப் பழிக்க முடியாது. ஆனால் அது உள்ளே ஒரு வரப்பை விட்டுச் செல்கிறது. அந்த வரப்புகள் கூடும் இடமோ அதிகம் வியர்ப்பது, ஓயாமல் அசைவது. தோல் ஈரமானால் உராய்வு கூடும். பல மடிப்பாகக் கிடக்கும் துணி வியர்வையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் காயும். சாயங்காலத்துக்குள் தோல் சிவக்காமல் என்ன செய்யும்?

நூலுக்கும் பங்குண்டு. முறுக்கேறிய விறைத்த நூல் குத்தும்; உப்பலான மென்பாலியஸ்டர் நூல் அவ்வளவாக உறுத்தாது. கழுத்து லேபிளைத் தைக்கும் கண்ணாடி நைலான் நூல்தான் இருப்பதிலேயே மோசம். லேபிளுக்குப் பதிலாகக் கழுத்தில் அச்சடிக்கும் வழக்கம் வந்தது நல்லதாயிற்று.

விளையாட்டு உடைகளில் நான்கு ஊசி, ஆறு நூல் கொண்டு தட்டையாக இணைக்கும் தையல் ஒன்று உண்டு. திருப்பூரில் பனியனின் அடிவிளிம்பை மடித்து அடிக்கும் ‘பேட்லாக்’கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் விளிம்புகள் வெட்டுப்பட்டுப் பக்கம் பக்கமாகப் படுத்துக்கொள்வதால் வரப்பே எழாது. மெஷின் விலை அதிகம், ஓட்டக் கை பழக வேண்டும். மலிவு உடைகளில் காணக்கிடைக்காததற்கு அதுவே காரணம்.

வேடிக்கை என்னவென்றால், தாத்தா போட்ட வெள்ளைக் கைவைக்காத பனியனில் பக்கத் தையலே கிடையாது. உடம்பின் அளவுக்கேற்ற வட்டப் பின்னல் மெஷினில் குழாயாகவே துணி இறங்கும். கழுத்தையும் கையையும் வெட்டினால் போதும். ஜப்பானின் ஷிமா செய்கி நிறுவனம் 1995-இல் முழு ஸ்வெட்டரையே தையலில்லாமல் பின்னித்தரும் மெஷினைக் காட்டியது. ஸ்வெட்டருக்குச் சரி, தினசரி பனியனுக்குக் கட்டுப்படியாகாது. தவிர, தோள்பட்டையில் தையல் தேவையும்கூட. உள்ளே நாடா வைத்துத் தைக்காவிட்டால் அந்த இடம் தொங்கிப்போகும்.

தையலின் உறுத்தல் பனியனோடு முடிவதில்லை. சாக்ஸ் போடமாட்டேன் என்று காலையில் அழும் பிள்ளையின் சாக்ஸில் விரல்முனைப் பகுதியைத் தடவிப் பாருங்கள். அங்கே ஒரு தடித்த தையல் இருக்கும். தொடுவுணர்வு மிகுந்த பிள்ளைகளுக்கும் ஆட்டிசம் உள்ள சிலருக்கும் அது தாங்க முடியாத உறுத்தல். தற்காலிகமாகச் சாக்ஸை உள்வெளியாகப் புரட்டிப் போட்டுவிடலாம். பள்ளியில் யாரும் ஷூவைக் கழற்றச் சொல்லப்போவதில்லை.