செவ்வாயின் மேடு பள்ளங்களை மேலிருந்தே அளப்பது எப்படி?

1976 ஜூலையில் நாசாவின் வைக்கிங்-1 விண்கலம் எடுத்த ஒரு படத்தில், செவ்வாய் கிரகத்தின் சைடோனியா பகுதியில் மனித முகம் ஒன்று தெரிந்தது. கண், மூக்கு, வாய் என்று எல்லாம் இருந்தன. வெயிலும் நிழலும் செய்த வேலை என்று நாசா அப்போதே சொன்னது. யார் கேட்டாங்க? புத்தகம், டிவி, பத்திரிகை என்று அந்த ‘முகம்’ இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. 1998-ல் எடுத்த தெளிவான படத்தில் முகம் கலைந்தது. 2006-ல் ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலம் அந்த இடத்தை உயரத்தோடு சேர்த்துக் காட்டியது. அங்கே இருந்தது தேய்ந்துபோன ஒரு மலை, அவ்வளவுதான்.

ஒரே படத்தை நம்பினால் வரும் சிக்கல் இது. படத்தில் நீளம், அகலம் உண்டு, உயரம் கிடையாது. இருட்டாகத் தெரிவது பள்ளமா, நிழலா, கறுப்புப் பாறையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு இன்னொரு கோணம் வேண்டும்.

இப்போது கையில் இருக்கும் போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, இடது கண், வலது கண் என்று மாற்றி மாற்றி மூடிப் பாருங்க. பின்னால் இருக்கும் சுவரின் மேல் போன் அங்கும் இங்கும் தாவும். கையை நீட்டினால் தாவல் குறையும். மூளை தூரத்தைக் கணிக்க உதவுவது இந்தத் தாவல்தான். விண்கலமும் அதையேதான் பயன்படுத்துகிறது. ஆனால் 300 கி.மீ. உயரத்தில் பறக்கும்போது, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கண் வைத்துப் பிரயோஜனம் இல்லை. விண்கலத்தின் ஓட்டம்தான் அதன் இரண்டாவது கண்.

மார்ஸ் எக்ஸ்பிரஸில் உள்ள ஜெர்மன் கேமராவில் ஒன்பது வரிசை சென்சார்கள் இருக்கின்றன. ஒன்று நேர் கீழே பார்க்கும். இன்னொன்று சுமார் 19 டிகிரி முன்னால், வேறொன்று அதே அளவு பின்னால். ஜெராக்ஸ் மெஷினில் விளக்கு நகர்வதுபோல, விண்கலம் நகர நகர வரி வரியாகப் படம் சேரும். ஒரே மலையை ஏறக்குறைய ஒரு நிமிஷத்துக்குள் மூன்று கோணத்தில் பார்த்துவிடும். நிழல் மாறக்கூட நேரமில்லை. 100 மீட்டர் உயர மலையின் உச்சி, முன்பார்வைக்கும் பின்பார்வைக்கும் இடையே ஏறத்தாழ 70 மீட்டர் தள்ளித் தெரியும். ஒரு பிக்சல் 10 மீட்டர் என்றால் 7 பிக்சல். இந்த நகர்வை எண்ணி, கோணத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் உயரம் வந்துவிடும்.

எதிலிருந்து உயரம்? செவ்வாயில் கடல் மட்டமே இல்லையே! அங்கேதான் மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற நாசா விண்கலம் லேசரால் 60 கோடி தடவைக்கு மேல் அளந்த பழைய அளவுகள் கைகொடுக்கின்றன. லேசர் நம்பகமானது, ஆனால் அளந்த பாதைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். அதை நிரப்புவது இரட்டைப் படங்கள்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு என்பது தரையிறங்கும்போது தெரியும். ஜெசீரோ பள்ளம் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது. செங்குத்துச் சரிவு, பாறை, மணல்மேடு எல்லாம் அங்கே உண்டு. முன்பு ஆபத்தான இடம் என்று ஒதுக்கப்பட்டதும்கூட. 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சவரன்ஸ் ரோவர் அங்கே இறங்கியது. இறங்க ஆனது சுமார் 7 நிமிஷம். சிக்னல் பூமிக்கு வந்து சேரவே 11 நிமிஷம். யாரும் உதவ முடியாது. பாராசூட்டில் தொங்கியபடி கீழே படம் எடுத்து, கையோடு கொண்டுபோன மேப்போடு ஒப்பிட்டு, தான் இருக்கும் இடத்தை ரோவரே கண்டுபிடித்தது.

அந்த மேப், செவ்வாயைச் சுற்றிவரும் இன்னொரு விண்கலம் எடுத்த படங்களிலிருந்து உருவானது. சாய்வான படத்தை அப்படியே மேப் ஆக்கினால் என்ன ஆகும்? 20 டிகிரி சாய்வில், 50 மீட்டர் மேட்டின் உச்சி 18 மீட்டர் தள்ளிப் போய் உட்காரும். உயரத்தைச் சொல்லிக்கொடுக்கும் அதே நகர்வு, திருத்தாமல் விட்டால் பிழையாகிவிடும். அதனால் முதலில் உயரத்தைக் கணக்கிட்டு, பிறகு ஒவ்வொரு பிக்சலையும் அதன் சொந்த இடத்துக்கு நகர்த்த வேண்டும்.

இதில் ஒரு பலவீனமும் உண்டு. இரண்டு படத்திலும் ‘இது அதே கல்’ என்று கம்ப்யூட்டர் அடையாளம் காண வேண்டும். அடையாளமே இல்லாத வழவழ மணலில் அது திணறும். மேப்பில் ஓட்டை விழும், அல்லது இல்லாத மேடு முளைக்கும்.

பெர்சவரன்ஸோடு போன இன்ஜெனியூட்டி ஹெலிகாப்டருக்கும் வந்தது இதே கண்டம்தான். கீழே தெரியும் கற்களை அடுத்தடுத்த படங்களில் பின்தொடர்ந்துதான் அது தன் வேகத்தைக் கணித்தது. 2024 ஜனவரி 18 அன்று 72-வது முறை பறந்தபோது, கீழே கிட்டத்தட்ட வெறும் மணல். பின்தொடர எதுவும் கிடைக்காமல், பக்கவாட்டு வேகம் குறையாமலே தரையைத் தொட்டிருக்கும் என்கிறது நாசாவின் ஆய்வு. சுழல் இறக்கைகள் உடைந்தன. அதன்பிறகு அது பறக்கவில்லை.