அரண்மனை உண்டு அங்கே; அறை உண்டா நமக்கு?

சித்திரை வெயில் மதுரையைச் சுடுகிறது. பள்ளிக்கு விடுமுறை. "தேக்கடிக்குப் போகலாம் அப்பா" என்கிறது குழந்தை. போகலாம், தங்குவது எங்கே?

1895இல் எழுந்தது பெரியாறு அணை. கட்டியவர் பென்னிகுவிக், கல் சுமந்தவர்கள் கூலிகள். காய்ச்சலில் மாண்டவர் பலர். அந்த அணை தேக்கிய நீர்தான் தேக்கடி ஏரி. மலை குடைந்து வந்து மதுரைச் சீமை வயலை நனைப்பதும் அதே நீர்தான்!

ஏரிக்கரையில் திருவிதாங்கூர் மன்னருக்குக் கோடை மாளிகை எழுந்தது. மன்னராட்சி மறைந்தது, மாளிகை விடுதியாயிற்று. வாடகை மட்டும் இன்றும் மன்னர்களுக்கே ஏற்றது!

1982இல் காட்டின் நடுப்பகுதி தேசியப் பூங்காவானது. யானை வாழும் காட்டில் கட்டடம் பெருகக் கூடாது, ஒப்புகிறோம். ஆனால் காட்டுக்கு வெளியே குமுளியிலும், கோடைக் கூட்டம் கூடினால் வாடகை ஏறுகிறதே!

தோழர்களே, சனி, ஞாயிறைத் தவிர்ப்பீர். வாடகையை முன்கூட்டியே பேசி முடிப்பீர். குமுளியில் இடமில்லையா? மலையடிவாரத்துக் கூடலூரிலோ கம்பத்திலோ தங்கி, விடியற்காலைப் பேருந்தில் மலையேறுவீர்.

அரசினருக்கும் ஒரு சொல்: அடிவாரத்தில் உழைப்பாளர் குடும்பத்துக்கு ஒரு மலிவு விடுதி வேண்டும். அணைக்குத் தோள் தந்தவனின் பேரன், ஏரி பார்க்க ஓரிரவு தங்கக்கூடாதா?